தூக்கிப் போடுமுன் ஒரு கேள்வி: காற்றாடி சுற்றுகிறதா?

மாணவர்களே, உங்கள் வீட்டு ஏர் ஃப்ரையர் ஒரு நாள் திடீரென்று சூடாகாமல் போனால் என்ன செய்வீர்கள்?

சென்ற மாதம் என் மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி இந்தச் சிக்கலோடு வந்தாள். கிள்ளானில் அவர்கள் வீட்டு ஏர் ஃப்ரையரில் வைத்த கோழித் துண்டுகள் இருபது நிமிடம் கழித்தும் பச்சையாகவே இருந்தனவாம். "அம்மா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்னு சொல்றாங்க டீச்சர். மாமா, உள்ளே ஒரு வயரைச் சேர்த்துவிட்டா போதும்னு சொல்றாரு. எது சரி?" என்று கேட்டாள்.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "காற்றாடி சுற்றியதா?"

"கவனிக்கலையே டீச்சர்."

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா சொன்னதும் அவசரம், மாமா சொன்னதும் அவசரம். இருவருமே கருவியைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னவர்கள். பழுதான கருவியை அணுகுவதற்கு அறிவியல் வகுப்பில் நீங்கள் படிக்கும் வழி ஒன்று இருக்கிறது. கவனிக்க வேண்டும், ஊகிக்க வேண்டும், சோதிக்க வேண்டும். எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். 2010-இல் பிலிப்ஸ் நிறுவனம் ‘ஏர்ஃப்ரையர்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு பரவலான இந்தக் கருவி, பெயரில்தான் பொரிக்கிறது. உண்மையில் இது காற்றாடி வைத்த சிறிய அடுப்பு. மேலே மின்தடை மிகுந்த உலோகக் கலவையால் ஆன சூடேற்றும் சுருள் இருக்கும். அதன்மேல் உள்ள காற்றாடி, சூடான காற்றைக் கூடையைச் சுற்றி வேகமாகச் சுழற்றும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்த ஓர் உணர்வி அல்லது வெப்பநிலைக் கட்டுப்பாட்டுச் சுவிட்சு உண்டு. கூடை சரியாக உள்ளே போனதா என்று பார்க்க ஒரு சிறு சுவிட்சு உண்டு. எல்லாம் தவறிப்போனால் காப்பாற்ற ஒரு வெப்ப ஃபியூஸ் உண்டு.

மின்சாரம் சுவர் சாக்கெட்டிலிருந்து பிளக்கின் ஃபியூஸ், கூடைச் சுவிட்சு, வெப்ப ஃபியூஸ், வெப்பநிலைக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் கடந்துதான் சுருளை அடைகிறது. இது தொடர் சுற்று. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சுருள் சூடாகாது. அறுந்த கண்ணி எது என்பதுதான் கேள்வி.

இப்போது வெளியிலிருந்தே ஆராயலாம். திருகாணி எதையும் கழற்ற வேண்டாம்.

விளக்கும் எரியவில்லை, காற்றாடியும் சுற்றவில்லை என்றால் சந்தேகம் முதலில் வெளியே. அதே சாக்கெட்டில் வேறொரு கருவியைச் செருகிப் பாருங்கள். அதுவும் வேலை செய்யாவிட்டால் குறை ஏர் ஃப்ரையரில் இல்லை. அது வேலை செய்தால் ஏர் ஃப்ரையரின் பிளக்கில் உள்ள ஃபியூஸைப் பெரியவர் ஒருவர் சோதிக்கலாம். நம் நாட்டு மூன்று முள் பிளக்குகளில் ஒரு ஃபியூஸ் இருக்கும். கருகியிருந்தால் அதே அளவுள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும். வெள்ளித்தாள் சுற்றிப் போடுவது கூடவே கூடாது.

விளக்கு எரிகிறது, ஆனால் வேறெதுவும் நடக்கவில்லை என்றால் கூடையைப் பாருங்கள். வழித்தடத்தில் ஒட்டிய பொரித்தூள் ஒன்று போதும், கூடை ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்க. சுவிட்சு அழுந்தாததால் கருவி தொடங்க மறுக்கும். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, துடைத்து, ‘டக்’ என்ற சத்தம் வரும்வரை தள்ளுங்கள். பலர் பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்வது இதைத்தான்.

சூடு வருகிறது, ஆனால் போதவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் வயரைச் சந்தேகியுங்கள். இங்கே உங்கள் பாடக் கணக்கு உதவும். மின்னோட்டம் என்பது மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. 1500 வாட் ஏர் ஃப்ரையர், நம் நாட்டின் 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் எடுக்கும். அதே எக்ஸ்டென்ஷனில் 2000 வாட் கெட்டிலும் ஓடினால் மொத்தம் 15 ஆம்பியரைத் தாண்டும். வயரோ 13 ஆம்பியருக்கு உரியது. மெல்லிய, நீளமான வயரில் மின்னழுத்தமும் வழியிலேயே குறையும். மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் சூடும் பத்து விழுக்காடுதான் குறையும் என்று நினைக்காதீர்கள். மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 0.81. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சூடு காணாமல் போகும். நேரே சுவர் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள்.

சூடாக்கும் விளக்கு அவ்வப்போது அணைந்து எரிந்தால் பயப்படாதீர்கள். வைத்த வெப்பநிலையை எட்டியதும் கருவி சுருளை நிறுத்தும், குறைந்ததும் மீண்டும் இயக்கும். அது பழுதில்லை, அதன் வேலையே அதுதான்.

இனி என் மாணவியின் கதைக்கு வருவோம். மறுநாள் அவள் சரியாகக் கவனித்துவிட்டு வந்தாள். விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, 200 பாகையில் ஐந்து நிமிடம் வைத்த உருளைக்கிழங்குத் துண்டு மட்டும் குளிர்ந்தே இருக்கிறது. இந்த ஒரே கவனிப்பு எத்தனை பேரை விடுதலை செய்கிறது பாருங்கள்! காற்றாடி சுற்றுவதால் சாக்கெட்டில் மின்சாரம் உண்டு, பிளக்கின் ஃபியூஸ் நல்லது, கூடைச் சுவிட்சும் நல்லது. சந்தேகம் இப்போது சுருள், அதைக் கட்டுப்படுத்தும் பகுதி, வெப்ப ஃபியூஸ் ஆகிய மூன்றின் மீது மட்டும்தான்.

அந்த மூன்றும் மூடிக்கு உள்ளே இருக்கின்றன. நாம் கையை எடுக்க வேண்டிய இடமும் இதுதான். 230 வோல்ட் மின்சாரம் யார் மாணவர், யார் மாமா என்று பார்ப்பதில்லை.

மாமா சேர்க்கச் சொன்ன ‘வயர்’ எது தெரியுமா? வெப்ப ஃபியூஸைத் தாண்டிப் போடும் குறுக்கு இணைப்பு. பிளக்கில் உள்ள ஃபியூஸ், மின்னோட்டம் அதிகமானால் உருகும். வெப்ப ஃபியூஸ் அப்படியில்லை. தன்னைச் சுற்றியுள்ள இடம் ஆபத்தான அளவுக்குச் சூடானால் அது இணைப்பைத் துண்டிக்கும், ஒரே ஒரு முறை. பிறகு அதை மாற்றத்தான் வேண்டும். அப்படியானால் அது அறுந்துவிட்டது என்றால் என்ன பொருள்? உள்ளே ஏதோ அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்பதே முதல் சந்தேகம். அந்தக் காரணத்தைத் தேடாமல் குறுக்கே வயர் போடுவது, பாம்பைப் பார்த்துக் குரைத்த நாயை அடித்து விரட்டுவது போன்றது. நாய் அமைதியாகிவிடும். பாம்பு வீட்டுக்குள்ளேயே இருக்கும். கருவி சூடாகிவிடும். அடுத்த முறை நிறுத்த ஆளிருக்காது.

மாணவியின் அம்மா பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்கிறார். மறுவாரம் அதை அங்குள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றார். வெப்ப ஃபியூஸ்தான் அறுந்திருந்தது. காரணம், பின்பக்கக் காற்றுத் துளைகளை எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் அடைத்திருந்தன. போதாததற்குக் கருவியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். காற்றாடி சுற்றினாலும் சூடு வெளியேற வழியில்லை. கடைக்காரர் துளைகளைச் சுத்தம் செய்து, அதே வெப்பநிலை அளவுள்ள புதிய ஃபியூஸைப் போட்டுத் தந்தார். செலவு புதிய கருவியின் விலையில் கால் பங்குகூட இல்லை.

அந்தப் பிரிக்பீல்ட்ஸின் பெயரிலேயே நமக்கு ஒரு பாடம் உண்டு. 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. மரமும் அத்தாப்பும் கொண்ட வீடுகளுக்குப் பதில் செங்கல் கட்டடங்கள் எழ வேண்டும் என்ற முடிவு பிறகு வந்தது. அதற்குச் செங்கல் சுட்ட இடங்களில் ஒன்றுதான் பிரிக்பீல்ட்ஸ். பாதுகாப்பு விதி என்பது பெரும்பாலும் யாரோ நெருப்பில் கற்ற பாடம். விரல் நகமளவு வெப்ப ஃபியூஸும் அப்படிப்பட்டதே.

அம்மாவின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. புதிய கருவி மலிவாகக் கிடைக்கும்போது எதற்கு அலைய வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கைப்படி 2022-இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு உருவானது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடுதான். ஒரு சிறு ஃபியூஸுக்காக நல்ல காற்றாடி, நல்ல சுருள், நல்ல கூடை எல்லாவற்றையும் குப்பையில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. உண்மையிலேயே சரிசெய்ய முடியாமல் போனால் சாதாரணக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவுச் சேகரிப்பு இடத்தில் கொடுங்கள்.

இன்று மாலை வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். ஏர் ஃப்ரையரின் பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறிய பிறகு, அதன் பின்பக்கத் துளைகளைப் பாருங்கள். பிசுக்கு இருந்தால் ஈரமில்லாத துணியால் துடைத்துவிடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நாளை யாராவது "சூடாகல, தூக்கிப் போடு" என்று சொன்னால், முதல் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும்.