மலைகளுக்கு வாக்குரிமை இல்லை

லடாக் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பாங்காங் ஏரியின் நீலம், மடாலயத்து மணியோசை, மோட்டார் சைக்கிளில் கடந்த கணவாய், அங்கே கிட்டிய ‘பேரமைதி’ ஆகிய நான்கும் இல்லாத ஒரு கட்டுரை இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. அந்த மண்ணின் மனிதர் ஒருவர் தேநீர் கொண்டுவந்து கொடுப்பார், புன்னகைப்பார், அடுத்த பத்தியில் காணாமல் போய்விடுவார். அவர் யாருக்கு வாக்களித்தார், ஏன் வாக்களித்தார் என்று கேட்க எந்தப் பயணிக்கும் தோன்றுவதில்லை. நிலத்தைத் திணையாகப் பகுத்தபோதே அதில் வாழும் மக்களையும் அவர்தம் தொழிலையும் கருப்பொருளில் சேர்த்துச் சொன்ன மரபு நம்முடையது. அந்த மரபில் வந்தவர்கள் ஆளில்லாத நிலத்தை எழுதிக்கொண்டிருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாளிதழ்களும் இதற்கு விலக்கல்ல. 2024 மக்களவைத் தேர்தலின்போது வார்ஷி என்னும் சிற்றூரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து வாக்காளர்களுக்காக வாக்குச்சாவடி அமைத்த செய்தி எங்கும் வெளிவந்தது. தேர்தல் ஊழியர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஐவரைத் தேடிச் சென்ற செய்தி, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைத் தேடவில்லை.

‘பரப்பளவில் நாட்டின் மிகப்பெரிய தொகுதி’ என்ற பட்டமும் இத்தகையதே. வழக்கமாகச் சொல்லப்படும் 1,73,266 சதுர கிலோமீட்டர் என்ற கணக்கில் பாகிஸ்தான், சீனா ஆகியவற்றின் வசமுள்ள நிலமும் அடங்கும். இந்தியாவின் ஆளுகையில் இருப்பது சுமார் 59,000 சதுர கிலோமீட்டர். வாக்குப்பெட்டியே போக முடியாத நிலத்தையும் கூட்டிப் பெருமை பேசுகிறோம். அங்கு வாழ்பவர்களை எண்ணும்போது மட்டும் (2011 கணக்கெடுப்பின்படி 2,74,289 பேர்) ‘இத்தனை பேர்தானே’ என்கிறோம்.

சரி, அந்தச் சிலர் எப்படித்தான் வாக்களித்திருக்கிறார்கள்?

2014இல் பாரதிய ஜனதாவின் துப்ஸ்தன் சேவாங் 31,111 வாக்குகள் பெற்றார். சுயேச்சையான குலாம் ரஸா பெற்றவை 31,075. வித்தியாசம் வெறும் 36. அந்தத் தேர்தலில் நாட்டிலேயே மிகக் குறைந்த வித்தியாசம் அதுதான். வென்றவர் 2018இல் கட்சியையும் பதவியையும் துறந்தார். 2019இல் அதே கட்சியின் ஜம்யாங் செரிங் நம்க்யால் 42,914 வாக்குகளுடன் வென்றார். 2024இல் கட்சி அவருக்கு மீண்டும் வாய்ப்புத் தரவில்லை. லே மலைப்பகுதி மன்றத்தின் தலைவர் தாஷி கியால்சனை நிறுத்தி 31,956 வாக்குகளுடன் மூன்றாம் இடம் பெற்றது. காங்கிரஸ் வேட்பாளர் செரிங் நம்க்யாலுக்கு 37,397. வென்றவர் கார்கிலைச் சேர்ந்த முகமது ஹனீஃபா ஜான், 65,259 வாக்குகள். அவர் சுயேச்சை. காங்கிரஸ் வேட்பாளரை ஆதரிக்கும்படி தேசிய மாநாட்டுக் கட்சியின் தலைமை பணித்தபோது, அதன் கார்கில் கிளை ஒட்டுமொத்தமாகப் பதவி விலகி ஹனீஃபாவின் பின்னால் நின்றது.

‘இதில் என்ன இருக்கிறது? லேயின் பௌத்த வாக்குகள் இரண்டாகப் பிரிந்தன, கார்கிலின் முஸ்லிம் வாக்குகள் ஒன்றுசேர்ந்தன, அவ்வளவுதான்’ என்று தொலைக்காட்சிக் கணிதர்கள் முடித்துவிட்டார்கள். கணக்கு முற்றிலும் பொய்யன்று. 2019இல் கார்கிலில் இருவர் போட்டியிட்டு 31,984, 29,365 என்று வாக்குகளைப் பங்கிட்டுக்கொண்டதால்தான் லே வேட்பாளர் வென்றார். 1989இல் லேயில் நடந்த கிளர்ச்சியும், முஸ்லிம்களை ஒதுக்கிவைத்த சமூகப் புறக்கணிப்பும் மறக்கக்கூடியவையல்ல. 2019 ஆகஸ்டில் ஒன்றியப் பகுதி அறிவிப்பை லே கொண்டாடியது, கார்கில் எதிர்த்தது.

ஆனால் அந்தக் கணக்கு அடுத்து நடந்ததை விளக்காது. கொண்டாடிய லேயும் எதிர்த்த கார்கிலும் சில ஆண்டுகளுக்குள் ஒரே மேடைக்கு வந்தன. லே உயர்மட்ட அமைப்பும் கார்கில் ஜனநாயகக் கூட்டணியும் மாநில அந்தஸ்து, ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பு, லேக்கும் கார்கிலுக்கும் தனித்தனி மக்களவைத் தொகுதி, அரசுப் பணித் தேர்வாணையம் என்ற நான்கு கோரிக்கைகளைச் சேர்ந்தே முன்வைத்தன. மதத்தால் பிரிந்தவர்களைச் சேர்த்தது இழப்பு. முன்பு ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத்தில் லடாக்கிற்கு நான்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். 2019 அக்டோபர் 31 முதல் லடாக் சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதி. நியமிக்கப்பட்ட துணைநிலை ஆளுநர், அதிகாரம் சுருங்கிய இரு மலைப்பகுதி மன்றங்கள், 543 பேர் அவையில் ஒரே ஒரு குரல். 2024இன் முடிவை இந்தப் பின்னணியிலும் வாசிக்க வேண்டும். ஆளுங்கட்சியின் வேட்பாளருக்கு லேயிலிருந்தும் வாக்கு பெருமளவில் நழுவியதை மதக்கணக்கு எப்படி விளக்கும்?

மூன்று லட்சத்திற்கும் குறைவான மக்களுக்கு மாநிலமா என்று கேட்பவர்கள் உண்டு. 1975இல் சிக்கிம் இந்தியாவின் மாநிலமானபோது அதன் மக்கள்தொகை என்ன? 1971 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2.1 லட்சம். அதற்குச் சட்டமன்றம் தர எண்ணிக்கை தடையாக இருக்கவில்லை. லடாக்கிற்கு மட்டும் அது எப்படித் தடையாகும்?

2025 செப்டம்பர் 24 அன்று லேயில் போராட்டம் வன்முறையாக மாறியது. பாரதிய ஜனதா அலுவலகம் எரிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் முன்னாள் ராணுவ வீரர். உண்ணாநோன்பிருந்த சோனம் வாங்சுக் இரண்டு நாள் கழித்துத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாகி ஜோத்பூர் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தீவைப்பை நான் நியாயப்படுத்தவில்லை. வாக்கின் வழியாகவும் உண்ணாநோன்பின் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் சொன்னதைக் கேளாதவர்கள், தீயைக் கண்டதும் மட்டும் அதிர்ச்சி காட்டுவதை ஏற்க முடியவில்லை.

இதே 2025இல்தான் தமிழ்நாட்டில் தொகுதி மறுசீரமைப்புக்கு எதிராகக் குரல் எழுந்தது. தலைகளின் எண்ணிக்கை மட்டுமே பிரதிநிதித்துவத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்றோம். சரியான வாதம், நானும் அதன் பக்கம்தான். ஆனால் நம் எட்டு கோடிக்காக அந்த வாதத்தைப் பேசிவிட்டு, அவர்களின் மூன்று லட்சத்திற்கு வரும்போது ‘சிறிய இடம்’ என்று சொன்னால், நம்மிடம் இருப்பது கொள்கையல்ல, தன்னலம்.

அடுத்த முறை லடாக் போகும் நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். ஏரியைப் பற்றி எழுதுங்கள், தடையில்லை. தேநீர் தருபவரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு எழுதுங்கள்.