பரேலில் கைவண்ணம், தாராவியில் கைவிலங்கு!



சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, தாராவி 90 அடி சாலைப் பக்கம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நம் பிள்ளைகளில் ஒருவன் வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நல்ல சம்பளம். அன்று பகல் முழுவதும் ஆபீஸ் நண்பர்கள் நால்வரோடு லோயர் பரேல், அந்தேரி என்று பீர் தயாரிக்கும் கடைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தான். கைபேசியில் படங்களைக் காட்டினான். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயர எஃகு அண்டாக்கள். மரப்பலகையில் வரிசையாக ஆறு சின்னக் கிளாஸ்கள். ஒன்று கோதுமையில் செய்ததாம். ஒன்றில் காப்பி மணம் வருமாம். ஒன்று வேப்பங்காயாய்க் கசக்குமாம். இதற்குக் 'கிராஃப்ட் பீர்' என்று பெயராம். அப்படியென்றால் என்னப்பா என்று கேட்டோம். "பெரிய ஃபாக்டரிச் சரக்கு இல்ல மாமா. கைத்தொழில் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா, பக்குவம் பார்த்துச் செய்றது" என்றான்.

பக்கத்தில் எழுபது தாண்டிய ஆச்சி ஒருவர் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவர். குடிசைக்குப் பின்னால் சாராய டிரம் வைத்திருந்தார் என்று இளம் வயதில் மூன்று முறை லாக்கப்பில் இருந்தவர். படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "ஏலே, இதைத்தானல நாங்களும் கையால செஞ்சோம்! எங்களை மட்டும் எதுக்குல பிடிச்சிட்டுப் போனான்?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஆச்சி சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

அண்டாவுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துகிறார்கள். அதை உடைத்து வெந்நீரில் ஊறவிட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்தச் சாற்றை வடிகட்டி, 'ஹாப்ஸ்' என்னும் கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். கசப்பும் மணமும் அந்தப் பூவிலிருந்து வருகின்றன. பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால், இரண்டு மூன்று வாரங்களில் பீர். சாராயச் சத்து பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்தை ஒட்டி.

இதில் மாயம் ஏதுமில்லை. நம் தாய்மார்கள் இரவு மாவாட்டிப் புளிக்க வைத்து, விடியுமுன் இட்லி அவித்து, மும்பை முழுவதும் சைக்கிளில் அனுப்புகிறார்களே, அந்தப் புளிப்புக்கு இதுவும் உறவுதான். பெரும்பாணாற்றுப்படையிலேயே அரிசியையும் முளைத்த தானியத்தையும் கொண்டு நறும்பிழி ஆக்கும் செய்தி இருக்கிறது. ஆக, இது பரேல் கனவான்கள் நேற்றுக் கண்டுபிடித்த கலை அல்ல.

ஆச்சி காய்ச்சியது பீர் அல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கறுப்பு வெல்லத்தையும் நவச்சாரத்தையும் டிரம்மில் ஊறப்போட்டு, அடுப்பில் ஏற்றி ஆவியை வடித்த சாராயம் அது. பீரைவிடப் பல மடங்கு காரம். அதனால் கெட்ட குடும்பங்கள் நம் சந்துகளில் ஏராளம். அதைப் புனிதப்படுத்த நாம் வரவில்லை. மராத்தியில் அதற்கு 'ஹாத்பட்டி' என்று பெயர். ஹாத் என்றால் கை. பட்டி என்றால் அடுப்பு. கையால் காய்ச்சியது! தாராவியில் குற்றத்தின் பெயராக இருந்த அதே 'கை', பரேலில் விளம்பரப் பலகையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வேடிக்கை இதுதான்!

சட்டம் ஒன்று, நீதி இரண்டு

பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949இல் வந்தது. 1950 ஏப்ரலில் முழு மதுவிலக்கு அமலானது. அப்போது உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாய். ஏழைத் தொழிலாளியின் கூலியைக் காப்பாற்ற வந்த சட்டம் என்றார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் வெளிநாட்டாருக்குப் பெர்மிட்; உடல்நலத்துக்குத் தேவையென்று டாக்டர் எழுதிக் கொடுத்தவருக்குப் பெர்மிட். பங்களாவுக்கு மருத்துவச் சான்றிதழ், குடிசைக்குப் போலீஸ் லாரி! துறைமுகத்திலும் தோல் பட்டறையிலும் முதுகொடியச் சுமந்தவனுக்கு எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்?

தடை தாகத்தைத் தீர்க்கவில்லை. மாஹிம் கழிமுகத்துச் சேற்றிலும் அந்தாப் ஹில் ஓரத்திலும் அடுப்புகள் எரிந்தன. வரதராஜ முதலியாரின் பேர் எழும்பியது அந்த அடுப்புகளின் புகையில்தான். விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கிய தூத்துக்குடிக்காரர் கள்ளச்சாராயத் தொழிலில் ராஜாவானார். 1987இல் வெளிவந்த 'நாயகன்' படம் அவர் வாழ்க்கையைத் தழுவியது என்று உலகமே பேசியது. ஆனால் டிரம்முக்குக் காவல் இருந்த பெண்ணைப் பற்றி யார் படம் எடுத்தார்? லாபம் தாதாவுக்கு, ஹஃப்தா காக்கிச்சட்டைக்கு, வழக்கு ஆச்சிக்கு. அன்றைய பங்கீடு இதுதான்.

அந்தச் சட்டம் செத்துவிட்டதா? இல்லை! பம்பாய் என்ற சொல்லை எடுத்துவிட்டு மகாராஷ்டிரா என்று மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்றைக்கும் இந்த மாநிலத்தில் குடிப்பதற்குப் பெர்மிட் வேண்டும் என்பதே சட்டம். 2013இல் லோயர் பரேல் மதுரதாஸ் மில் வளாகத்தில் 'பார்க்கிங் டீர்' என்ற கடை, தானே தயாரித்த பீரை விற்கத் தொடங்கியது. பின்னாலேயே பல கடைகள் வந்தன. லைசென்ஸ் பெற்று முறையாக நடத்துகிறார்கள். அதில் குற்றம் காண நாம் வரவில்லை. அங்கே நானூறு ஐந்நூறு கொடுத்து ஒரு கிளாஸ் வாங்கும் கனவானிடம் "பெர்மிட் எங்கே?" என்று கேட்க எந்தப் போலீஸ்காரர் போகிறார் என்பதே நம் கேள்வி. அதே கேள்வியைச் சாக்கடையோரம் தள்ளாடும் கூலிக்காரனிடம் கேட்க மட்டும் லத்தி நீளுகிறதே, ஏன்?

கொன்றது எது?

"கள்ளச்சாராயம் உயிரைக் குடிக்கும், அதனால்தான் பிடிக்கிறோம்" என்பார்கள். சரி, உயிரைக் குடித்தது எது என்று பார்ப்போம்.

2004 டிசம்பரில் விக்ரோலியில் 87 பேர் மாண்டார்கள். 2015 ஜூனில் மாலாட் மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 ஜூனில், நம் தாயகத்திலே, கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றிலும் அறுபதுக்கு மேற்பட்டோர். மூன்று இடங்களிலும் செத்தவர்கள் கூலிகள், கொன்றது மெத்தனால். வெல்லம் புளித்து வந்த நஞ்சு அல்ல அது. பெயின்டுக்கும் ரசாயனத்துக்கும் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் ஆலைச் சரக்கு. சாராயத்தைவிட மலிவு என்பதால் கலக்கிறார்கள். உடலுக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைத் தின்கிறது. பிறகு உயிரைத் தின்கிறது.

அப்படியானால் மெத்தனால் எந்த ஆலையின் கதவைத் தாண்டி வந்தது, யார் கையெழுத்தில் வந்தது, எந்த டாங்கரில் வந்தது என்று கேட்பதல்லவா முறை? மால்வணி வழக்கில் ஒன்பதாண்டு கழித்து, 2024இல், நான்கு பேருக்குத் தண்டனை; பத்துப் பேருக்கு விடுதலை. நூறு பிணங்களுக்கு இவ்வளவுதான் கணக்கு.

வரிக் கணக்கையும் பாருங்கள். 2025 ஜூனில் மாநில அமைச்சரவை மது மீதான தீர்வையை உயர்த்தியது. கூலிக்காரன் குடிக்கும் நாட்டுச் சரக்குக்கு, ப்ரூஃப் லிட்டருக்கு 180 ரூபாயாக இருந்தது 205 ஆனது. பீருக்கும் ஒயினுக்கும் உயர்வு இல்லை! சாராயச் சத்து குறைந்த பானத்துக்கு வரி குறைவு என்பது கொள்கை அளவில் நியாயமே. ஆனால் அந்தப் பானம் எட்டாத விலையில் இருக்கிறதே! கையில் நூறு ரூபாய் உள்ளவனுக்கு மிஞ்சுவது காரமான சரக்கு. அதன் விலையும் ஏறினால் மிஞ்சுவது மெத்தனால் வியாபாரியின் பிளாஸ்டிக் பை. விலையை ஏற்றிக் குடியை நிறுத்திவிடலாம் என்பவர்கள் கருணாபுரத்து விதவைகளிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

அண்டா நிற்கும் மண் யாருடையது?

இனி, நம் பிள்ளை காட்டிய படத்தை மறுபடியும் பாருங்கள். அண்டாவைப் பார்த்தோம், அண்டா நிற்கும் தரையைப் பார்த்தோமா?

மதுரதாஸ் மில், கமலா மில் என்று இன்றும் வளாகங்களின் பெயரில் மில் இருக்கிறது. தறி எங்கே? தொழிலாளி எங்கே? 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டம் நசுங்கியது. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. 1991 விதியில், மில் நிலத்தை விற்றால் ஒரு பங்கு நகரின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு எளியோர் வீட்டுக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்றார்கள். 2001இல் விதியைத் திருத்தினார்கள். நிலம் முழுவதும் அல்ல, காலியாகக் கிடக்கும் இடம் மட்டுமே பங்குக்கு வரும் என்றார்கள். 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தறி ஓடிய கொட்டகைகள் உணவு விடுதிகளாயின. 2017 டிசம்பர் 29 நள்ளிரவுக்குப் பின் கமலா மில் வளாகத்து மாடிக் கேளிக்கை விடுதிகளில் தீப்பிடித்து 14 பேர் மாண்டதும் இதே மண்ணில்தான்.

1960களில் "மதராசி வந்து வேலையைப் பறித்தான்" என்று நம் கடைகளை உடைத்தார்களே, அவர்களிடம் கேட்கிறோம்: மராத்தித் தொழிலாளியைக் கிரண்காவிலிருந்து வெளியேற்றியது தமிழனா? நிலத்தின் விலையல்லவா! இதில் அவனும் நாமும் ஒரே படகு.

நாம் கண்ட உண்மை இதுதான். உழைப்பவன் இருக்கும்வரை அவன் கைவேலைக்கு 'அழுக்கு', 'ஆக்கிரமிப்பு', 'குற்றம்' என்று பெயர். அவனை வெளியேற்றிய பிறகு அதே கைவேலைக்குக் 'கைவண்ணம்' என்று பெயர்! பழைய செங்கல் சுவர் கூட அழகாகிவிடுகிறது. அதைக் கட்டியவன் மட்டும் ஆகாதவன்.

அடுத்த முறை நம்முடையது, தோழர்களே! தாராவிச் சீரமைப்பு அதானி குழுமத்துக்கு 80 பங்கு, அரசுக்கு 20 பங்கு என்று அமைந்த கம்பெனியின் கையில் இருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்போருக்கும் தாராவிக்கு வெளியே. இட்லி அடுப்பும் தோல் பட்டறையும் முறுக்குச் சட்டியும் எங்கே போகும்? பத்தாண்டு கழித்து நம் சந்து இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் எழும்பி, 'தாராவியின் பாரம்பரியக் கைவண்ணம்' என்று எவனோ பலகை மாட்டுவான். அதைப் பார்க்க நாம் புறநகரிலிருந்து ரயிலேறி வரவேண்டுமா?

நாம் கேட்பது

மெத்தனால் ஆலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வேண்டும். கணக்கில் விடுபட்டால் ஆலைக்காரரையும் அதிகாரியையும் கூண்டில் ஏற்ற வேண்டும். பெர்மிட் சட்டம் இருக்குமானால் பங்களாவுக்கும் குடிசைக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். இல்லையானால் இருவருக்கும் இல்லாமல் போகட்டும். குடிநோய்க்குச் சிகிச்சை மாநகராட்சி மருத்துவமனைகளில் கிடைக்கட்டும். நாட்டுச் சரக்கில் வாங்கும் வரியில் ஒரு பகுதி அதற்குப் போகட்டும். தாராவிக்குள் வீடு மட்டும் போதாது. வேலை செய்யும் இடமும் தாராவிக்குள் வேண்டும், மாடியில் குடியிருப்பவருக்கும் சேர்த்து!

நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் மாட்டுங்கா மடிசஞ்சிகள் அல்ல. உங்கள் கிளாஸைத் தட்டிவிட வரவில்லை. நண்பர்களோடு போனாய், ருசி பார்த்தாய், சரி. அம்மா நாள் முழுக்க இட்லி விற்றுச் சேர்ப்பதை ஒரு மாலையில் ஆறு கிளாஸாக்கி வைத்தார்கள் என்பதை மட்டும் மறக்காதே. அந்த மண் யாருடையது என்று அந்த மேசையிலேயே உன் நண்பர்களிடம் ஒரு முறை கேள். ஆபீஸில் படித்த படிப்பை, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், சீரமைப்புக் கணக்கெடுப்புத் தாள்களைப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டச் செலவிடு.

அன்று மாலையே அந்தப் பிள்ளை ஆச்சியின் பழைய ரேஷன் கார்டையும் மின்கட்டண ரசீதுகளையும் எடுத்து வரச்சொல்லி, சங்க மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினான். ஆச்சி குடியிருப்பது மாடி அறை. தாராவியிலேயே இருக்கவிடுவார்களா என்று கேட்டார். விட வைப்போம் என்றோம்.

அதை நடத்திக் காட்ட, ஞாயிறுதோறும் சங்கத்துக்கு வாருங்கள். காகிதங்களோடு வாருங்கள்!