மாதம் எத்தனை கிலோமீட்டர்?

மாருதி செலேரியோவுக்கு லிட்டருக்கு 26 கிலோமீட்டருக்கு மேல் என்று விளம்பரத்தில் பார்த்ததும் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அந்த எண் பொய்யில்லை. ஆனால் ஆய்வகத்தில், சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழல, ஏசி போடாமல் எடுத்தது. கிண்டியில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, சித்திரை வெயிலில் ஏசியோடு ஊர்ந்துபோகும் சின்ன காருக்கு 16, 17 கிடைத்தாலே நல்லது. அதனால் கார் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது மைலேஜை அல்ல, மாதம் எவ்வளவு ஓட்டப் போகிறோம் என்பதை. உதாரணமாக, சிஎன்ஜி எரிவாயுவில் ஓடும் வண்டிக்கு, பெட்ரோல் வண்டியைவிட ஏறத்தாழ 90,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். மாதம் 600 கிலோமீட்டர்தான் ஓடும் என்றால், இன்றைய விலையில் எரிபொருள் செலவில் மாதம் சுமார் 1,300 ரூபாய் மிச்சமாகும். போட்ட பணம் திரும்பவே ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதோடு, டிக்கியில் பெரும்பகுதியைச் சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். 1,500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இரண்டரை வருஷத்துக்குள் தேறிவிடும், அவர் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்குச் சாதாரண பெட்ரோல் காரே போதும் என்பேன். தவணைக்காகச் சம்பளத்தை நெருக்கிப் பிடிக்கும் குடும்பங்களுக்கு இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை டேங்கை முழுசாக நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஓட்டச் சொல்லுங்கள். மறுபடி முழுசாக நிரப்பும்போது ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் தெருவின் மைலேஜ். ஷோரூமுக்குப் போகுமுன் அந்த எண் கையில் இருக்கட்டும்.