ஓதற்பிரிவும் கொள்ளைநோயும்

தொல்காப்பியனார் பிரிவின் காரணங்களைக் கூறுமிடத்து ஓதலையே முதற்கண் வைத்தார். கல்வியின் பொருட்டுப் பிரிதல் மூன்று யாண்டைக் கடத்தலாகாதென வரையறையும் செய்தார். பொருள்வயிற் பிரிந்தவனையும் போர்மேற் சென்றவனையும் பாடிய சான்றோர் பலர். ஓதச் சென்றவன் அயலிடத்து எவ்வாறிருந்தான் என்று பாடினார் அரியர். கற்கச் சென்றவனுக்கு என்ன குறை என எண்ணினர் போலும். அவ்வெண்ணம் இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை. கொரோனாக் கொள்ளைநோய் பரவிய 2020, 2021 ஆகிய யாண்டுகளிற் கடல்கடந்து கற்ற மாணாக்கர் பட்ட உளத்துன்பத்தை நினையுந்தோறும், அதிற் பெரும்பகுதி நம் வீடுகளிலிருந்தே சென்றதென எமக்குத் தோன்றுகின்றது.

அயல்நாட்டார் செய்த குறையும் இல்லாமலில்லை. ஆஸ்திரேலியா 2020 மார்ச்சு 20-ஆம் நாள் அயலார்க்குத் தன் எல்லையை அடைத்தது. வெளிநாட்டு மாணாக்கர்க்கு அது மீண்டும் திறந்தது 2021 டிசம்பர் 15-இல். உள்ளிருந்த மாணாக்கர் ஊர் திரும்பலாம். திரும்பினால் மீண்டும் உட்புகுதல் அரிது. தம்மைத் தாமே தாங்கவியலாத வெளிநாட்டு மாணாக்கர் தத்தம் நாட்டிற்குச் செல்லலாம் என்னும் கருத்துப்பட அந்நாட்டுப் பிரதமர் ஸ்காட் மோரிசன் 2020 ஏப்ரல் 3-ஆம் நாள் கூறினார். தொழில்புரிவோர்க்கென அரசாங்கத்தார் அளித்த ஊதிய உதவியும் அம்மாணாக்கர்க்கு எட்டவில்லை. அவர் செலுத்திய கல்விக்கட்டணத்தை மட்டும் எவரும் வேண்டாவென்றிலர்! அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் மெல்போர்ன் நகரத்தார் இரவு எட்டுமணிக்குமேல் வெளியேறலாகாது. பகலிலும் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாற் செல்லலாகாது என்று கட்டளை பிறந்தது.

அந்நகரில் ஓர் அறையில் எம் பெரியப்பாவின் மகளாகிய தமக்கையார் தனித்திருந்தார். உணவுச்சாலையிற் செய்துவந்த சிறுவேலை போயிற்று. ஒருவேளை உண்டதும், விடியுமளவும் உறக்கமின்றிச் சுவரை நோக்கியிருந்ததும் பின்னர்தான் எமக்குத் தெரிந்தன. நாள்தோறும் தொலைபேசியில் அவர் உரைத்தது, "நலமே" என்னும் ஒருசொல். கடன் வாங்கி அனுப்பிய தந்தையிடம் வேறென்ன உரைப்பார்?

2021 மே மாதத்திற் பெரியப்பா அந்நோயால் இறந்தார். நால்வரே உடன்சென்று அடக்கம் செய்தனர். தமக்கையார்க்குத் தேர்வு அணித்தாயிருந்தமையால், அது முடியுமட்டும் அறிவிக்க வேண்டாவெனப் பெரியோர் முடிவு செய்தனர். யாம் அப்போது பள்ளி மாணாக்கர். அவர் அழைத்தபோது, "பெரியப்பா உறங்குகின்றார்" என்று சொல்லுமாறு எமக்குக் கற்பிக்கப்பட்டது. யாமும் சொன்னோம், ஒருமுறையன்று, மும்முறை சொன்னோம். பதினொன்றாம் நாள், சபையாரின் வாட்ஸாப் குழுவில் வந்த இரங்கற் செய்தியொன்றைக் கண்டு அவர் உண்மையை அறிந்தார்.

அன்பினாற் செய்தோம் என்பர் பெரியோர். அதனை யாம் மறுத்திலோம். அறிந்தும் அவர் வந்திருக்க இயலாது என்பதும் மெய்யே. அம்மாதம் 3-ஆம் நாள் முதல் 15-ஆம் நாள் வரை, அண்மையில் இந்தியாவிலிருந்தோர் ஆஸ்திரேலியக் குடிகளேயாயினும் அந்நாட்டினுட் புகுதல் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. ஆயினும் வருதல் வேறு, அழுதல் வேறு. அடக்க ஆராதனையைத் தொலைபேசி வழியேனும் அவர் கண்டிருக்கலாம். ஆங்குள்ள சபையார் அவரோடு இருந்து செபித்திருப்பர். தந்தையின் மறைவைக் காட்டிலும் அப்பதினொரு நாளே தம்மை நெடுங்காலம் வருத்தியதாகத் தமக்கையார் எம்மிடம் கூறினார். அதன்பின் வீட்டினின்று எவர் "நலம்" என்றாலும் அவர் நம்புவதில்லை. ஓராண்டு உளமருத்துவரிடம் சென்றுவந்தார். அதனையும் உறவினர் அறியாவாறு மறைக்கவேண்டுமென்று சொன்னோரும் நம்மவரே.

இவ்வழக்கம் புதிதன்று. 1914-இற் கேம்பிரிட்ஜ் சென்ற கணித மேதை இராமாநுசன், உலகப்போரிடையே சிக்கி 1919-இலேதான் ஊர் திரும்பினார். தம் கையாற் சமைத்துண்டு, நோயுற்று, மருத்துவ விடுதிகளிற் கிடந்து, 1918-இல் தம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். அவ்வாண்டிலேயே இராயல் சங்கத்தின் உறுப்பினருமானார். நாம் பள்ளியிற் படித்தது பின்னதை மட்டுமே.

நம் கல்லூரிப் பழைய மாணாக்கர் சங்கத்தார் வெளிநாடு செல்வார்க்கு ஆண்டுதோறும் வழியனுப்பு விருந்து அளிக்கின்றனர். மாலையும் வாழ்த்தும் குறைவின்றி உள. அவ்விருந்தன்றே, செல்வார் ஒவ்வொருவரிடமும் ஒரு பெயரை எழுதி வாங்குமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம். அப்பெயரினர் பெற்றோராதல் வேண்டா. தோழராகவோ ஆசிரியராகவோ இருக்கலாம். வீட்டில் நேர்ந்ததை மறையாது அவர்க்கு அறிவிப்பதும், ஆங்கு அவர் படுவதை மறையாது கேட்பதுமே இவர் கடமை. எம் தமக்கையார்க்கு அத்தகைய ஒருவர் வேண்டியிருந்தார். யாம் அவ்வொருவராய் இருந்திருக்கலாம். அடுத்த விருந்து சூன் மாதத்தில் நடைபெறுமென அறிகின்றோம். அதற்குமுன் ஒரு குறிப்பேடு வாங்கிவைத்தல் சங்கத்தார்க்கு அரிதன்று.