கூலி வேலை உடற்பயிற்சி ஆகாது

"தினம் குனிஞ்சு நிமிர்ந்து வேலை பாக்குற ஆளுக்குத் தனியா என்ன எக்சர்சைஸ்?" சிக்குன்குனியா வந்துபோய், மாதக்கணக்கில் மூட்டுவலியோடு கிடக்கும் நம் பெண்களுக்குக் கிடைக்கும் பதில் இது. தென்காசிப் பக்கம் நாங்கள் போகிற தெருக்களில் அடிக்கடி காதில் விழுகிறது. சொல்பவர்கள் அக்கறையாகச் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள். நாங்கள் இதைச் சாதி என்கிறோம். உழைக்கிற உடம்பு வலிக்கத்தான் செய்யும், அதற்கு வைத்தியம் ஆடம்பரம் என்ற நினைப்புக்கு வேறென்ன பெயர்?

1952-53இல் இன்றைய தான்சானியாவில் இந்நோயைக் கண்டறிந்தபோது வைத்த பெயருக்கே, வலியில் உடம்பு வளைந்துபோவது என்றுதான் பொருள். 2006இல் இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் எனக் கணக்கெடுத்தார்கள். தமிழ்நாடும் அதில் தப்பவில்லை. காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும். விரல், மணிக்கட்டு, கணுக்கால் வலி சிலருக்கு மூன்று மாதம் தாண்டியும், ஆண்டுக்கணக்கிலும் நிற்கும். வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் இல்லை. வலிக்குப் பயந்து அசைக்காமல் வைத்தால் மூட்டு விறைக்கும், தசை மெலியும், அடுத்த அசைவு இன்னும் வலிக்கும். அந்தச் சுழலை உடைப்பதுதான் பிசியோதெரபி. பிரேசிலில் நாள்பட்ட வலிக்காரர்களுக்கு 12 வாரம் ரப்பர் பட்டைப் பயிற்சியும் பிலாட்டிஸ் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறிய ஆய்வுகள்தான். ஆனாலும் வலி குறைந்தது, அன்றாட அசைவுகள் எளிதாயின.

இப்போது பீடி சுற்றுவதைப் பாருங்கள். ஒரே இருப்பு, அதே விரல்கள், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. விரல் வீங்கினாலும் நிறுத்த முடியாது. பயிற்சியில் மூட்டை மெதுவாக முழுதாக அசைப்பார்கள், கொஞ்சமாகப் பாரம் ஏற்றுவார்கள், வீக்கம் கூடினால் குறைப்பார்கள். அங்கே அளவை உடம்பு தீர்மானிக்கிறது. குற்றாலத்தில் சீசன் கூட்டம் போட்டுவிட்டுப் போகும் குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளருக்கு அளவைத் தீர்மானிப்பவர் காண்ட்ராக்டர்.

குற்றாலம் என்றதும் "அருவியில நில்லு, எண்ணெய் மசாஜ் போடு" என்பார்கள். சுகமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. மெலிந்த தசைக்கு அதில் பலம் வராது. (மசாஜ் போடுகிறவரின் மணிக்கட்டு வலித்தால் அவர் யாரிடம் போவார் என்றும் கேட்கலாம்.)

இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சேமித்து வைத்த நல்ல தண்ணீரில் முட்டையிடும். 2012இல் கடையநல்லூரை டெங்குவால் வாட்டியதும் இதே இனம்தான். குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருவில் டிரம் இல்லாமல் எப்படிக் குடித்தனம் நடத்துவது? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது. தண்ணீர் எப்போது வரும்?

தோழர்களே, 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் உண்டு. நாம் பிச்சை கேட்கவில்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டமாகப் போங்கள். பிசியோதெரபிஸ்ட் எந்தக் கிழமை எந்தத் தெருவுக்கு வருகிறார், கடந்த ஆறு மாதத்தில் நம் தெருவில் எத்தனை வீட்டுப் படி ஏறினார் என்று கேளுங்கள். வாய்ப்பதில் வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, எழுத்தில் வாங்குங்கள். சிகிச்சைக்குப் போகிற நாளின் கூலியை யார் தருவார்கள் என்ற கேள்வியை ஒப்பந்ததாரரிடமும் பீடிக் கம்பெனியிடமும் வையுங்கள்.