வலப்பக்கம் ஒடித்தால் மட்டும்

ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அக்கா மேலே பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதால் மாதத்துக்கு இரண்டு தடவையாவது பொள்ளாச்சியிலிருந்து ஏறி இறங்குகிறேன். ஆனி கடைசியில், சாரலும் பனிமூட்டமுமாக இருந்த ஒரு காலையில், பாதி வழியில் மீட்டர் போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு வந்தது. வட்டத்துக்குள் ஏ.பி.எஸ். என்று மூன்று எழுத்து. பிரேக்கை மிதித்துப் பார்த்தேன், பிடித்தது. மேலே போய் சாவியை அணைத்து மறுபடி போட்டபோது விளக்கைக் காணோம்.

பிரேக் பிடிக்கிறது, விளக்கும் அணைந்துவிட்டது, அப்புறமென்ன என்று பலரும் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். என்னால் முடியவில்லை. எட்டு வயதில் சித்தப்பா வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்து ஓய்ந்த நேரம். குறுக்கே வந்த மாட்டுக்காக அவர் பிரேக்கை அழுத்தி மிதித்தார். நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டது. ஸ்டீயரிங்கை அவர் முழுக்க ஒடித்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். வண்டி அதைக் காதில் வாங்காமல் நேராக வழுக்கிப் போய்ப் புளியமரத்தில்தான் நின்றது. உருளாத சக்கரத்துக்குத் திசை கிடையாது. 2012இல் நாங்கள் கார் வாங்கும்போது, சக்கரம் பூட்டாமல் காக்கிற ஏ.பி.எஸ். மேல்ரக மாடலில்தான் வந்தது. கூடுதல் பணம் கட்டி அதையே வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் அந்தப் புளியமரம்.

ஏ.பி.எஸ்.ஸின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தோடு சேர்ந்து பல்சக்கரம் மாதிரி ஒரு வளையம் சுற்றும். அதன் பக்கத்தில், ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம் என்கிற இடைவெளியில், சுண்டுவிரல் பருமனில் ஒரு சென்சார். உள்ளே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சின்னதாக ஒரு மின்துடிப்பு கிளம்பும். துடிப்பின் வேகத்தை வைத்துச் சக்கரத்தின் வேகத்தைக் கணக்கிடுகிறது கம்ப்யூட்டர். பிரேக் மிதிக்கும்போது மற்ற மூன்றும் உருள, ஒன்று மட்டும் சட்டென்று நிற்கப் போனால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தைக் குறைத்து, மறுபடி கூட்டி, மறுபடி குறைக்கும். ஒரு நொடிக்குள் இது பல தடவை நடக்கும். காலுக்கடியில் பெடல் தடதடக்கும். பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எடுக்கவே கூடாது. அழுத்தி மிதித்தபடியே வண்டியைத் திருப்ப வேண்டும்; இது இருப்பதே அதற்காகத்தான்.

முதலில் இந்த யோசனை விமானச் சக்கரங்களுக்குத்தான் வந்தது. காரில் இன்றைய மின்னணு வடிவத்தில், போஷ் செய்த கருவியோடு மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது 1978இல். நம் நாட்டில் விற்கிற புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். அதற்கு முந்தைய கார்களில் ஏ.பி.எஸ். இருப்பவை எல்லாம் இப்போது வயதாகி, ஒவ்வொன்றாக இந்த மஞ்சள் விளக்கைக் காட்டத் தொடங்கியிருக்கின்றன.

அடுத்த இரண்டு பயணங்களிலும் விளக்கு வந்தது. எந்த இடத்தில் வந்தது என்று குறித்து வைத்துக்கொண்டேன். மூன்று தடவையும் வண்டி வலப்பக்கம் ஒடிக்கிற வளைவு. சமவெளியில் ஒருநாளும் வரவில்லை.

ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஸ்கேனரில் இடது முன் சக்கர சென்சார் என்று வந்திருக்கிறது. லிஃப்டில் ஏற்றி அளந்து பார்த்தார்கள். சென்சார் நன்றாக இருக்கிறது, அதனால் ஏ.பி.எஸ். கம்ப்யூட்டர் இருக்கிற மாட்யூல்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த தொகை, என் காரை இன்று விற்றால் கிடைக்கிற பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எப்போது எரிகிறது, எங்கே எரிகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானாகச் சொன்னதையும் எழுதிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டிருக்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பியிடம் போனேன். விளக்கு என்று ஆரம்பித்ததுமே அவர் கேட்டது, “எப்பங்க்கா எரியுது? நேரா போறப்பவா, ஒடிக்கிறப்பவா?” குறிப்பைக் காட்டினேன். படித்துவிட்டு, “ஸ்கேனரு எந்தத் தெருன்னுதான் சொல்லும்ங்க்கா. எந்த வூடுன்னு நாமதான் தேடோணும்” என்றார்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, சென்சார் வயரின் கப்ளரைப் பிரித்து மல்டிமீட்டர் வைத்தார். சக்கரம் நேராக இருக்கையில் 1,100 ஓமை ஒட்டிக் காட்டியது. சர்வீஸ் சென்டரில் பார்த்ததும் இதையேதான் இருக்கும். பிறகு என்னை உள்ளே உட்காரச் சொல்லி, ஸ்டீயரிங்கை மெதுவாக வலது பக்கம் ஒடிக்கச் சொன்னார். பாதி தூரம் வரை எண் அசையவில்லை. கடைசி அரைச் சுற்றில் பதறி, எகிறி, காணாமல் போனது. மின்சுற்று அறுந்துவிட்டது. திரும்ப நேராக்கியதும் பழைய எண்.

வெளியே வந்து பார்த்தேன். கறுப்பு ரப்பர் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் என் விரலைப் பிடித்து வயர் மேல் வைத்து மெல்ல மடக்கச் சொன்னார். ஓரிடத்தில் மட்டும் துவண்டு மடிந்தது, எலும்பு முறிந்த விரல் மாதிரி. பிளேடால் அங்கே கீறிக் காட்டினார். உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து அறுந்திருந்தன. நேராக இருக்கும்போது முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். வயர் இழுபடும்போது விலகும்.

“சால்டர் வெச்சுரலாமா?” என்று கேட்டேன். “ஆடற எடத்துல சால்டர் வெச்சா அது வெறைச்சுக்கும்ங்க்கா. அதுக்குப் பக்கத்துலயே மறுபடி ஒடையும்.” அந்த சென்சார் வயரோடு சேர்ந்தே வருவது, கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வரவழைத்தோம். பழையதைக் கழற்றியபோது நுனியில் இரும்புத் தூள் தாடி மாதிரி ஒட்டியிருந்தது. அது உட்காரும் குழியில் துரு. துரு சென்சாரைத் தூக்கிவிட்டால் இடைவெளி கூடி, மெதுவாகப் போய் நிற்கிற நேரத்தில் காரணமே இல்லாமல் பெடல் தடதடக்கும் என்று சொல்லி, உப்புத்தாள் போட்டுச் சுத்தமாகத் தேய்த்தார்.

மாட்டி முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. டார்ச் அடித்து மட்கார்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். “போன வருசம் ஷாக் அப்சார்பர் மாத்துனீங்களா?” மாற்றியிருந்தோம். வேறோர் இடத்தில். இந்த வயர் ஷாக் அப்சார்பரை ஒட்டி ஒரு சின்ன ரப்பர் கிளிப்பில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். மாற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்டவில்லை. ஒரு வருடமாக வயர் பிடிமானமில்லாமல் ஆடி, ஒவ்வொரு வளைவிலும் ஒரே இடத்தில் இழுபட்டிருக்கிறது. பெருந்தொகை கொடுத்து மாட்யூலை மாற்றியிருந்தாலும் அடுத்த வலப்பக்க வளைவில் விளக்கு வந்திருக்கும். கிளிப் மாட்டாமல் புது சென்சார் மட்டும் போட்டிருந்தால் அடுத்த வருடம் வந்திருக்கும்.

எல்லா வண்டிக்கும் இதே காரணம் இருக்காது. பல்வளையம் வெடித்திருக்கலாம், பேரிங் ஆடலாம், பேட்டரி தளர்ந்திருக்கலாம், ஒரு டயர் மட்டும் வேறு அளவாக இருக்கலாம். சில கார்களில் இருக்கும் வேறு வகை சென்சாரை இப்படி ஓம் பார்த்துச் சோதிக்கவும் முடியாது. ஓடும்போது நான்கு சக்கரத்தின் வேகத்தையும் ஸ்கேனரில் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழும். விலை குறைந்த ஸ்கேனர்களில் பல எஞ்சின் கோளாறை மட்டும் படிப்பவை. அதில் ஒன்றும் வரவில்லை என்றால் கோளாறே இல்லை என்று அர்த்தமில்லை.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கிறது, சக்கரம் பூட்டாமல் காக்கிற துணைதான் இல்லை. நிதானமாக ஓட்டி ஷெட்டுக்குப் போகலாம். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து வந்தால் ஓரம் கட்டிவிடுங்கள். பிரேக் ஆயில் இறங்கியிருக்கலாம், அல்லது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக்கைப் பங்கிடுகிற ஏற்பாடும் சேர்ந்து நின்றிருக்கலாம். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சாவியைப் போட்டதும் அந்த மஞ்சள் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். மீட்டர் போர்டைப் பிரித்து பல்பைப் பிடுங்கிவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கிப்போகிற குடும்பம் மழையில் ஏ.பி.எஸ்.ஸை நம்பித்தான் மிதிக்கும். அப்படிச் செய்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை மலை ஏறிவிட்டேன், விளக்கு வரவில்லை. வலது சக்கரத்து வயரையும் தம்பி பார்த்துவிட்டார். கிளிப் இருக்கிறது, ரப்பர்தான் காய்ந்து வெடித்திருக்கிறது. தீபாவளிக்கு அக்காவை அழைத்துவரப் போவதற்கு முன்னால் அதையும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.