ஸ்டுடியோ மானிட்டரா, வீட்டு ஸ்பீக்கரா? முதலில் அறையைப் பாருங்கள்

ஓஎம்ஆரில் வேலை, பாலவாக்கத்தில் வாடகை ஃபிளாட். நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம் என்று தேட ஆரம்பிக்கும் பலரும் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: பாட்டு பதிவாகும் இடத்தில் இருக்கும் ஸ்டுடியோ மானிட்டரையே வாங்கிவிட்டால் என்ன? ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறது. தனிச் செலவு இல்லை. 1989-இல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டோடு அமைத்த பஞ்சதன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்பது மாதிரி இருக்குமே என்ற ஆசை வேறு.

ஆசையில் தப்பில்லை. ஆனால் மானிட்டர் ஒரு வேலைக் கருவி. மேஜையில் வைக்கும் சின்ன மானிட்டரில் மிக்ஸிங் செய்பவர், சுமார் ஒரு மீட்டர் தூரத்தில், இரண்டு பெட்டிகளுக்கும் சரி நடுவே உட்கார்ந்திருப்பார். குரலில் எங்கே பிசிறு, எந்த வாத்தியம் துருத்துகிறது என்று தேடுவதுதான் அவர் வேலை. வீட்டில் அப்படி யார் உட்காருகிறார்கள்? ஒருவர் சோஃபாவில், ஒருவர் சமையலறையில், குழந்தை தரையில்.

"மானிட்டர் உண்மையைச் சொல்லும், வீட்டு ஸ்பீக்கர் இனிமையாகப் பொய் சொல்லும்" என்று ஒரு பேச்சு உண்டு. வரலாறு அப்படி இல்லை. உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் வெள்ளை கோனுடன் நின்ற யமஹா என்.எஸ்.10, 1978-இல் வீட்டு ஸ்பீக்கராகத்தான் விற்பனைக்கு வந்தது. வீடுகளில் எடுபடவில்லை. மேல் ஸ்தாயி காதைக் குத்துகிறது என்று இன்ஜினியர்கள் ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டினார்கள், ஆனாலும் விடவில்லை. இதில் நன்றாகக் கேட்டால் எதிலும் நன்றாகக் கேட்கும் என்ற நம்பிக்கை. பிபிசியின் எல்.எஸ்.3/5ஏ கதை நேர் எதிர். 1970களில் ஒளிபரப்பு வேனுக்குள் வைக்க உருவான குட்டி மானிட்டர் அது. பிறகு வீட்டு ரசிகர்களின் செல்லமாகிவிட்டது.

ஆக, பெட்டி மேல் ஒட்டிய பெயர் எதையும் தீர்மானிப்பதில்லை. ஃபிளாய்ட் டூல் 1980களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாமலே ஆட்களைக் கேட்க வைத்தார். ஏற்ற இறக்கம் இல்லாமல், பக்கவாட்டிலும் சீராக ஒலித்தவைதான் அதிகம் பிடித்திருந்தன. துல்லியம் ரசனைக்கு எதிரி இல்லை.

பிறகு எங்கேதான் சிக்கல்? தூரத்திலும் அறையிலும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அறைக்குள் கொஞ்சம் குறைவாகக் குறையும். ஐந்து அங்குல மானிட்டரை ஹாலின் அந்தக் கோடியில் வைத்து வால்யூமைக் கூட்டினால் மூச்சு வாங்கும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்; சின்னப் பெட்டிகள் பலவும் அதற்கு முன்பே கை விரித்துவிடும். இளையராஜா பாட்டில் பேஸ் போனால் பாதி பாட்டு போன மாதிரிதான். அதோடு டைல்ஸ் தரை, வெறும் கான்கிரீட் சுவர்: எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் எதிரொலிக்கும். ஒரு ஜமக்காளம், கனமான திரை, புத்தக அலமாரி, சுவரிலிருந்து ஓரடி இடைவெளி. விலையுயர்ந்த கேபிளைவிட இவை எவ்வளவோ மேல்.

லேப்டாப் மேஜைதான் உங்கள் கச்சேரி அரங்கம் என்றால் மானிட்டர் அருமையான தேர்வு. பலவற்றில் வால்யூம் திருகு ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் தனித்தனியாக இருக்கும், ரிமோட் கிடையாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அமைதியான இரவில் லேசான 'ஸ்ஸ்' சத்தமும் சிலவற்றில் கேட்கும். ஹாலில் நாலு பேர் சேர்ந்து கேட்பதற்கு ஆறரை அங்குல வீட்டு ஸ்பீக்கரும் ஒரு ஆம்ப்ளிஃபையரும்தான் சரி.

கடையில் கேட்கும்போது ஒரு மீட்டரில் நின்று மயங்காதீர்கள். உங்கள் சோஃபா எவ்வளவு தூரமோ அவ்வளவு தள்ளிப் போய், நன்கு தெரிந்த ஒரு பழைய பாட்டும் ஒரு கச்சேரிப் பதிவும் போடச் சொல்லுங்கள். இருபது நிமிஷம் கழித்தும் காது வலிக்கவில்லை என்றால் விலை பேசலாம்.